பதினேழா பத்தொன்பதா என் தங்கை

என் உடன்பிறந்த தங்கைக்கு அக்கா எழுதிக்கொள்வது. இங்கே எல்லாரும் சுகம். அங்கே நீயும் சுகம்தானே என்று அடுத்த வரி எழுதுவதுதான் முறை, ஆனால் அந்த ஒரு வரியால்தான் இந்த வீட்டில் சண்டையே. "சுகமான்னு யார்கிட்டம்மா கேக்கறே? சித்தி போய்ச் சேர்ந்தாச்சு, காகிதம் வந்தாச்சு, நீயும் படிச்சாச்சு" என்கிறான் என் மகன். வந்த காகிதம் உன் கையெழுத்தா? இல்லை. உன் வீட்டுக்கு மேல்மாடியில் குடியிருந்தவளாம், யாரோ ஒருத்தி, நாலு வரி கிறுக்கிப் போட்டிருந்தாள். முகம் தெரியாத ஒருத்தி சொன்னாள் என்பதற்காக என் தங்கை எப்படி இல்லாமல் போவாள்? அதனால் நான் எழுதிக்கொண்டுதான் இருக்கிறேன். பதில் வருவதில்லை, வாஸ்தவம். ஆனால் ஒரு கடிதம்கூடத் திரும்பி வந்ததும் இல்லை. திரும்பி வராத கடிதம் யாரோ வாங்கிப் பிரித்த கடிதம்தானே? அஞ்சாம் வகுப்போடு நின்றவள்தான், ஆனாலும் இந்த அளவு எனக்கு யோசிக்க வரும். ஆகையால் கேட்கிறேன், சுகமா?

முதலில் பிள்ளைகள் விஷயம். நீ முகத்தைச் சுளிப்பாய், "ஆரம்பிச்சுட்டியா" என்பாய், என்றாலும் கேட்டுத்தான் ஆக வேண்டும். சின்னப் பேரன் லிஃப்ட் கம்பெனியில் மேற்பார்வையாளன் ஆகிவிட்டான். நடு வழியில் நின்றுபோன லிஃப்டுகளைக் கிளப்புவது அவன் பொறுப்பு. போன மாதம் அவன் சரிபண்ணிய ஒன்று அதற்குப் பிறகு யார் பொத்தானை அமுக்கினாலும் நிற்காமல் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கிறதாம், அவ்வளவு சுத்தமான வேலை. மகள் வழிப் பேத்தி நீச்சல் போட்டியில் இரண்டாவதாக வந்தாள். எத்தனை பேர் நீந்தினார்கள் என்று கேட்பாய், இரண்டு பேர்தான், தண்ணீர் அவ்வளவு குளிர், மற்றதுகள் கால் நனைத்துவிட்டு ஓடிப்போனதுகள், இறங்கினதற்கே தனிப் பரிசு தர வேண்டும். அவள் தம்பி பல் வைத்தியம் படிக்கிறான். வீட்டில் எல்லார் வாயையும் பார்த்து முடித்துவிட்டான், இனி அக்கம்பக்கம்தான் பாக்கி. கடைக்குட்டிக்குப் பள்ளிக்கூடத்தில் பேசாமல் உட்கார்ந்திருக்கும் போட்டியில் முதல் பரிசு. பரிசு வாங்கக் கூப்பிட்டபோதும் வாயைத் திறக்கவில்லையாம், பேர் சொல்லிக் கூப்பிட்டதற்கும் பதில் இல்லையாம், கடைசியில் வகுப்பாசிரியை பயந்துபோய் மூக்கடியில் விரல் வைத்துப் பார்த்தாளாம். நம் வம்சத்தில் இப்படி ஒரு பிள்ளை பிறந்ததே அதிசயம்.

இதையெல்லாம் தூக்கிச் சாப்பிடுகிற மாதிரி மூத்த பேத்தி. அவள் சுங்க இலாகாவில் அதிகாரி. பெட்டியைப் பிடுங்கித் துழாவுகிற அதிகாரி என்று நினைத்துவிடாதே, அது வேறு. இவள் பேர் வைக்கிற அதிகாரி. வெளியிலிருந்து வந்து இறங்குகிற எந்தச் சாமானுக்கும் ஓர் எண் உண்டாம், அந்த எண்ணைப் பொறுத்துத்தான் வரி. உயிருள்ள குதிரைக்கு ஓர் எண், அதன் வால் முடிக்கு வேறு எண், அந்த முடியில் செய்த பிரஷ்ஷுக்கு இன்னும் ஓர் எண். குடைக்கு ஒன்று, சவுரிக்கு ஒன்று. இந்த உலகத்தில் எண் இல்லாத பொருளே கிடையாது என்று பெருமையாகச் சொன்னாள். "எனக்கு என்ன நம்பர்டீ?" என்று கேட்டேன். "நூறு வயசு தாண்டினா பழம்பொருள்னு ஒரு நம்பர் இருக்கு பாட்டி, ரொம்ப மரியாதையான நம்பர்" என்றாள். "அதுவரைக்கும்?" "அதுவரைக்கும் உபயோகிச்ச சாமான்" என்று சொல்லிவிட்டு ஓடினாள், செருப்பு எட்டவில்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன், உட்கார்ந்து படி. நான் எழுதுவது கூடத்து மேசையில், எதிர்ச் சுவரில் உன் போட்டோ. நாம் இரண்டு பேரும் ஸ்டூடியோவில் எடுத்தோமே, அதே போட்டோதான், உன்னுடையது வேறு ஏது இங்கே? நான் விறைப்பாக நிற்கிறேன், நீ விளக்கு மின்னிய அந்த நொடியில் கண்ணை மூடிவிட்டாய். போட்டோக்காரன் காசை வாங்கிக்கொண்டு கண்ணைத் திருடிவிட்டான் என்று அம்மா திட்டித் தீர்த்தாள். எனக்கு மட்டும் அது பிடிக்கும். ஏனென்றால் நீ லேசில் கண்ணை மூடுகிறவளா? அம்மா இரவு வேலைக்குப் போன பிறகு நாம் இரண்டு பேரும் தனியாகப் படுத்திருக்கும்போது, கதவுத் தாழ்ப்பாள் லொடலொட என்று ஆடும், நீ பொம்மை மாதிரி முழித்துக்கொண்டே கிடப்பாய். "அக்கா, கதவு தாழ்ப்பாள் போட்டியா?" போட்டேன். "பார்த்தியா?" பார்த்தேன். "மறுபடியும் பாரு." நான் எழுந்து போய் மறுபடியும் இழுத்துப் பார்த்துவிட்டு வந்து சொன்னால்தான் உன் கண் மூடும். கல்யாணமாகிக் கப்பல் ஏறுகிற அன்றைக்குக்கூட நீ என்னிடம் கடைசியாகக் கேட்டது அதுதான், பட்டப்பகலில், அத்தனை பேர் நடுவில். இதைப் பேரப்பிள்ளைகளிடம் எத்தனை தடவை சொல்லியிருக்கிறேன் என்று எனக்கே தெரியாது. அதைத்தான் இங்கே கவனிக்க வேண்டும்.

போன வாரம் மூத்தவள் வேலையிலிருந்து வந்தாள். முகத்தில் பொட்டு ரத்தம் இல்லை. தேநீர் கொடுத்தேன், வாங்கிக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தாள். "பாட்டி, சின்னப் பாட்டி ராத்திரி ஒண்ணு கேப்பாங்கன்னு சொல்வியே, அதை இன்னொரு தடவை சொல்லு" என்றாள். சொன்னேன். கோப்பையைக் கீழே வைத்துவிட்டாள். "அதையேதான் இன்னிக்கு எங்க சரக்கு ஷெட்டுல ஒரு டெலிபோன் கேட்டுச்சு" என்றாள்.

விஷயம் என்னவென்றால், நீ இருக்கிற ஊரிலிருந்து, கவனி, அதே ஊரிலிருந்து, ஒரு கம்பெனிக்காகப் பெட்டி பெட்டியாகக் கருவிகள் வந்து இறங்கியிருக்கின்றன. ஆபீஸ்களில் பத்துப் பேர் சுற்றி உட்கார்ந்து தூரத்திலுள்ள ஆட்களோடு பேசுவதற்கு மேசை நடுவில் வைப்பார்களாமே, அந்தச் சாமான். மூன்று காலோடு, கறுப்பாக, முதுகு வளைந்து, நண்டு மாதிரி இருக்கும். இதற்கு எண் வைக்க வேண்டும் என்று இவள் ஒரு பெட்டியை உடைத்து நண்டை எடுத்து மேசைமேல் வைத்திருக்கிறாள். கம்பி கிடையாது, இணைப்பு கிடையாது, வயிற்றில் பச்சையாக ஒரு விளக்கு மட்டும். இவள் பொத்தானில் விரல் வைப்பதற்கு முன்னால் அது வாயைத் திறந்திருக்கிறது. "அக்கா, கதவு தாழ்ப்பாள் போட்டியா?" நம் பேச்சில், பொம்பிளைக் குரலில். காவல்காரர் கையிலிருந்த பிஸ்கட் விழுந்துவிட்டதாம். அவர் வாய் தவறிப் "போட்டேம்மா" என்று பதில் வேறு சொல்லிவிட்டாராம்.

இதுவரைக்கும் பயம். இனிமேல்தான் சண்டை. எண் எண்பத்தைந்தில் ஆரம்பிக்கிறதாம், அதற்குப் பின்னால் பதினேழா பத்தொன்பதா என்பதுதான் கேள்வி. எனக்குப் புரிகிற மாதிரி அவள் சொன்னாள்: "அங்கே பேசறது இங்கே கேட்டா பதினேழு பாட்டி. அப்போ பேசினது இப்போ கேட்டா பத்தொன்பது." நடுவில் பதினெட்டு என்னடி என்றேன். அது வெறும் வாயும் காதும், ஒலிபெருக்கி மாதிரி, தலையில்லாத சாமான் என்றாள். பதினேழு என்றால் டெலிபோன், வரி இல்லாத மாதிரிதான். பத்தொன்பது என்றால் குரலைப் பிடித்துவைத்துத் திரும்பச் சொல்லுகிற பெட்டி, வரி கண்ணைப் பிடுங்கும். அவளுடைய மேலதிகாரி பத்தொன்பது என்கிறார். பிடித்துவைத்த குரல், ஏதோ மாதிரிக்குப் பேசிக் காட்டுகிறது, ஆள் என்றைக்கோ பேசிவிட்டுப் போயாச்சு. சரக்குக்காரனுக்காகப் பேச ஓர் ஏஜெண்ட் இருக்கிறான், ஷெட்டில் அவனுக்குத் தேன்வாயன் என்று பேர், அவன் பதினேழு என்று ஒற்றைக் காலில் நிற்கிறான். இதற்கு ஜோடி ஒன்று அங்கே ஏதோ ஓர் அறையில் மேசைமேல் இருக்கிறது, ஆள் அதன் பக்கத்தில் உட்கார்ந்து இந்த நிமிஷம் பேசுகிறாள், சத்தியமாக உயிரோடு இருக்கிறாள் என்கிறான். தங்கையே, நீ உயிரோடு இருக்கிறாய் என்று என் பக்கம் நின்று வாதாட இந்த உலகத்தில் எனக்குக் கிடைத்தவன் அவன் ஒருத்தன்தான், அவனும் வரிக்காக.

என் பேத்தி எந்த எண்ணை எழுதிக் கையெழுத்துப் போடுகிறாளோ அதுதான் தீர்ப்பு. பதினேழு போட்டால் நீ இருக்கிறாய். பத்தொன்பது போட்டால் மேல்மாடிக்காரி சொன்னது நிஜம். இதைச் சொன்னதும் அவளுக்கே தூக்கிவாரிப்போட்டது. "நான் நண்டுக்குத்தான் பாட்டி நம்பர் வைக்கிறேன், சின்னப் பாட்டிக்கு இல்ல" என்றாள். எனக்கு இரண்டும் ஒன்றுதான் என்றேன். அவள் அப்பன், அதாவது என் மகன், "உன் வேலைக்கு உலை வெச்சுடாதே, வயசானவங்க பேச்சைக் கேட்டு" என்று மகளைத் திட்டினான். என் தங்கை விஷயம் பேசும்போது மட்டும் இவன் என்னை வயசானவள் என்பான், கடைக்கு நடக்கச் சொல்லும்போது "நீ என்னம்மா, இன்னும் குமரி மாதிரி" என்பான்.

தேன்வாயனே ஒரு வழி சொன்னானாம்: குரல் தெரிந்தவர்கள் வந்து பேசிப் பார்க்கட்டும், பதில் வந்தால் பதினேழு, சொன்னதையே சொன்னால் பத்தொன்பது. மேலதிகாரியும் சரி என்றுவிட்டார். ஆக, என்னைக் காரில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அஞ்சாம் வகுப்பு படித்தவளை அரசாங்க வேலையாகக் கூப்பிட்டுப் போகிறார்கள், தெருவே பார்க்கட்டும் என்று நான் கார்க் கண்ணாடியை இறக்கிவிட்டேன், பார்த்து ஒரு கை ஆட்ட நாதியில்லை, எல்லாக் கதவும் சாத்திக் கிடந்தது.

ஷெட் என்றால் மைதானம் மாதிரி. உயரத்தில் புறா கூடு கட்டியிருக்கிறது. பேர் வைக்கப்படாத சாமான்கள் வரிசை வரிசையாக நிற்கின்றன, எல்லாம் என்னையே பார்க்கிற மாதிரி இருந்தது. பேர் இல்லாதது எதுவுமே நம்மைத்தானே பார்க்கும்? ஒரு மூலையில் மேசை, மேசையில் நண்டு, சுற்றி நாலு பேர்: பேத்தி, மேலதிகாரி, தேன்வாயன், பிஸ்கட் காவல்காரர். தேன்வாயன் எனக்கு நாற்காலியைத் துடைத்துப் போட்டான், "தாயே, தங்கச்சிகிட்ட நல்லா வாயைத் திறந்து பேசுங்க, கூச்சப்படாதீங்க" என்றான். பல் வைத்தியன் மாதிரி சிரிப்பு. மேலதிகாரி நல்ல மனுஷர்தான், ஆனால் எதைப் பார்த்தாலும் முத்திரை குத்த இடம் தேடுகிற கண். முன்கூட்டியே எல்லாருக்கும் சொல்லிவிட்டார்: "பெட்டியைத் திறந்ததும் பொருள் எந்தக் கோலத்துல இருக்கோ அந்தக் கோலத்துக்குத்தான் நம்பர். நேத்து என்னவா இருந்துச்சு, நாளைக்கு என்னவா ஆகும்ங்கிற கதை வேண்டாம். திருகாணியை யாரும் தொடக் கூடாது, அதை ஆய்வுக்கூடத்து ஆள் வந்து கழட்டுவார்."

நான் குனிந்து "யாரும்மா அது?" என்றேன். நண்டுக்குள்ளே யாரோ நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்கிற மாதிரி ஒரு சத்தம். அப்புறம் மூச்சு. அப்புறம் நீ.

"அக்கா, கதவு தாழ்ப்பாள் போட்டியா?"

என் உடம்பு ஒரு சுற்று சுற்றி நின்றது. குரல் கிழவிக் குரல் இல்லை, கப்பல் ஏறிய அன்றைக்கு இருந்த குரல். "போட்டேன்" என்றேன். "பார்த்தியா?" என்றாய். "பார்த்தேன்டீ, எங்கே இருக்கே நீ?" என்றேன். "மறுபடியும் பாரு" என்றாய். மேலதிகாரி மேசையைத் தட்டினார். "பாத்தீங்களா? எங்கே இருக்கேன்னு கேட்டா கதவைப் பாருங்குது. என்ன கேட்டாலும் ஒரே பாட்டு. பத்தொன்பது." எனக்குக் கோபம் வந்துவிட்டது. "அய்யா, என் தங்கச்சி பிறந்ததுலேருந்தே அப்படித்தான், என்ன கேட்டாலும் கதவைப் பாருன்னுதான் சொல்லுவா. அதுக்காக அவளைப் பெட்டிங்கறதா?" என்றேன். "நல்லாச் சொன்னீங்க தாயே, அப்படிப் பேசற உயிருள்ள ஆளுங்க என் வீட்டுலயே இருக்காங்க" என்று தேன்வாயன் குதித்தான். நீ கேட்டுவிட்டாயே என்பதற்காக நான் எழுந்து கதவைப் பார்க்கப் போனேன். காவல்காரர் கூடவே வந்து, "இது மேலேர்ந்து இறங்குற ஷட்டரும்மா, தாழ்ப்பாளே கிடையாது" என்று காதோடு சொன்னார். அவர் முகம் என் முகத்தைவிட வெளுத்திருந்தது. திரும்பி வந்து உன்னிடம் பொய் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆகையால் பேச்சை மாற்றிப் பிள்ளைகள் பெருமையை எடுத்துவிட்டேன். லிஃப்ட், நீச்சல், பல், பேசாத போட்டி, எல்லாம் ஒரே மூச்சில். நீ குறுக்கே பேசவே இல்லை, அதுதான் எனக்கு முதலில் பயமாக இருந்தது. முடிந்ததும் "அதெல்லாம் தெரியும்" என்றாய்.

பேத்தி என் தோளைப் பிடித்தாள். மேலதிகாரி குரல் கொஞ்சம் இறங்கிவிட்டது. "அம்மா, இன்னிக்கு நடந்தது ஏதாவது ஒண்ணு கேளுங்க. பிடிச்சுவெச்ச குரலா இருந்தா இன்னிக்கு நடந்தது அதுக்கு எப்படித் தெரியும்?" என்றார். எனக்கு அந்த நேரத்தில் ஒன்றும் தோன்றவில்லை. "நான் இப்ப என்ன சேலை கட்டியிருக்கேன், சொல்லு பார்ப்போம்" என்றுவிட்டேன். தேன்வாயன் தலையில் கை வைத்துக்கொண்டான். "ஐயோ தாயே, இது டெலிபோன்! கேக்கும், பேசும், பார்க்காது! பார்த்துச்சுன்னா கேமரா, கேமரான்னா அதுக்கு வேற நம்பர், வேற வரி, நான் செத்தேன்! சார், அந்தக் கேள்வி செல்லாது சார்!"

"நீலம்" என்றாய் நீ. "முந்தானை ஓரத்துல மசி. எழுதறப்ப பார்த்து எழுதக் கூடாதா?"

தங்கையே, அந்த மசி எனக்கே தெரியாது. எல்லாரும் குனிந்து என் முந்தானையைப் பார்த்தார்கள், நானும் பார்த்தேன், விரல் நகம் அளவுக்கு இருந்தது. தேன்வாயன் நண்டைத் தூக்கிக் கவிழ்த்து, "கண்ணு எங்க சார் இருக்கு? காட்டுங்க சார்! மொட்டைச் சுவர் மாதிரி இருக்கு சார்!" என்று அழாத குறை. நாலாவது ஆளாகக் காவல்காரர் மட்டும், "கீழ வைங்கய்யா, அந்தம்மா தலைகீழாத் தொங்குவாங்க" என்றார். அதற்குமேல் யாருக்கும் சிரிப்பு வரவில்லை.

வெளியே நடைபாதையில் வைத்து மேலதிகாரி பேத்தியிடம், பதினேழும் வேண்டாம், பத்தொன்பதும் வேண்டாம், ஆய்வுக்கூடம் சொல்லும்வரை மற்றவை என்று போடு என்றார். மற்றவை என்றால் என்னடி என்று காரில் கேட்டேன். எந்தப் பட்டியலிலும் சேராத சாமானுக்கெல்லாம் கடைசியில் அப்படி ஓர் இடம் வைத்திருக்கிறார்களாம், 'வேறெங்கும் சொல்லப்படாதவை'. எனக்குப் பிடிக்கவில்லை. என் தங்கை வேறெங்கும் சொல்லப்படாதவளா? தினமும் சொல்லிக்கொண்டுதானே இருக்கிறேன்? இவளும் யோசித்துப் பார்த்துவிட்டு, "நீ கேட்டதுக்குப் பதில் வந்துச்சு பாட்டி, நேர்ல பார்த்தேன். வேலை போனாலும் போகட்டும், நான் பதினேழுதான் எழுதப் போறேன்" என்றாள். நம் வீட்டுப் பிள்ளை என்றால் அப்படித்தான். வீட்டுக்கு வந்ததும் மகனை உட்காரவைத்துச் சொன்னேன், என் தங்கை இருக்கிறாள், அரசாங்கமே சொல்லப் போகிறது, உன் மேல்மாடிக்காரி காகிதத்தைக் கிழித்துப் போடு என்று. அவன் வாயைத் திறக்கவில்லை. அந்தப் போட்டியில் இவனும் பரிசு வாங்கியிருப்பான்.

ஆகையால் தங்கையே, நீ இருக்கிறாய் என்று ஏற்பாடாகிவிட்டது. இனி சாக்குச் சொல்லாமல் பதில் போடு. அந்த ஊர் நண்டின் பக்கத்தில் ரொம்ப நேரம் உட்காராதே, இடுப்பு பிடித்துக்கொள்ளும். உன்னோடு இருக்கும் பெரியவர்களுக்கு என் வணக்கம், சிறியவர்களுக்கு என் ஆசி. அங்கே உன்னோடு யார் யார் இருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியாததால், இருப்பவர்களுக்கு நீயே பார்த்துப் பங்கிட்டுக் கொடு.

உன் கதவைப் பார்த்துக்கொள்ளும்,
அக்கா.

பின்குறிப்பு: மேலே எழுதியதை எல்லாம் அடித்துவிடலாமா என்று யோசித்தேன், காகிதம் வீணாகுமே என்று விட்டுவிட்டேன். உறையை ஒட்டுவதற்குள் மூத்தவள் வந்துவிட்டாள். ஆய்வுக்கூடத்து ஆள் வந்து எல்லார் முன்னாலும் நண்டின் திருகாணியைக் கழற்றினாராம். உள்ளே ஒன்றும் இல்லையாம். கொஞ்சமாக ஏதோ இருந்தது, புரியவில்லை என்றால் பரவாயில்லை, ஒன்றுமே இல்லை, வெறும் கூடு. கடையில் கண்ணாடிக்குப் பின்னால் காட்சிக்கு வைக்கிற வெற்று மாதிரிகளாம், பெட்டி மாறி வந்துவிட்டதாம், வந்த பெட்டி எல்லாவற்றிலும் அதேதானாம். "பச்சையா விளக்கு எரிஞ்சுதேடி?" என்றேன். "ஸ்டிக்கர் பாட்டி" என்றாள். பதினேழும் இல்லை, பத்தொன்பதும் இல்லை, மற்றவையும் இல்லை. முப்பத்தொன்பதில் பிளாஸ்டிக் சாமான் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டாள். வாளி, சோப்புப் பெட்டி இதுகளோடு. மேலதிகாரி அன்றைக்கு அந்த மேசையில் நாங்கள் யாரும் உட்காரவே இல்லை என்று சொல்லிவிட்டாராம், காவல்காரர் வேறு ஷெட்டுக்கு மாற்றல் கேட்டிருக்கிறாராம். தேன்வாயன் யாரிடமும் பேசுவதே இல்லையாம்.

அப்படியானால் நீ அதற்குள்ளிருந்து பேசவில்லை. எங்கிருந்து பேசினாய் என்று யோசித்துக்கொண்டே, இதே மேசையில், இதே இடத்தில் உட்கார்ந்திருந்தேன். அன்றைக்குக் காலையில் நீலச் சேலையோடு நான் எழுதியது இங்கேதான். மசி ஒட்டியதும் இங்கேதான். பிள்ளைகள் பெருமையை ஒன்றுவிடாமல் தினமும் சொல்வதும் இங்கே உட்கார்ந்துதான். நிமிர்ந்து எதிர்ச் சுவரைப் பார்த்தேன்.

உன் கண் திறந்திருக்கிறது.

மகனைக் கூப்பிட்டுக் காட்டினேன். "எப்பவும் திறந்துதானேம்மா இருக்கும்?" என்றான். மருமகளும் அதையே சொன்னாள். மூத்தவள் மட்டும் போட்டோவையே பார்த்துவிட்டுப் போய் எனக்குத் தண்ணீர் கொண்டுவந்தாள். நான் யாரோடும் சண்டை போடவில்லை. எத்தனை நாளாக முழித்துக்கொண்டு இருக்கிறாயோ! மறுபடியும் பாரு என்று நீ சொன்னதற்கு நான் அன்றைக்கு ஷெட்டில் பதில் சொல்லவில்லையே. இப்போது எழுந்து போனேன், வெளிச்சம் இருக்கும்போதே. கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டேன். பார்த்தேன். மறுபடியும் போய் இழுத்துப் பார்த்துவிட்டு வந்து உன் முன்னால் நின்று சத்தமாகவே சொன்னேன், போட்டாச்சு. மேல்மாடிக்காரி எழுதின காகிதத்தையும் எடுத்து மடித்து உள்ளே வைத்துவிட்டேன், கிழிக்கவில்லை, பாவம், அவள் என்ன பொய்யா சொன்னாள்?

இந்தப் போட்டோவுக்கு எதிரே இனி என்னால் சேலை மாற்றவோ எழுதவோ முடியாது, ஆனால் கழற்றவும் மனசு வரவில்லை. முடிந்தால், எங்கே இருந்தாலும், புதுசாக ஒரு போட்டோ எடுத்துத் தபாலில் அனுப்பு. நேராக நில், அக்கம்பக்கம் பார்க்காதே, கதவை நான் பார்த்துக்கொள்கிறேன். கண்ணை மட்டும் நன்றாக மூடிக்கொண்டு எடு.